பாலையூற்றுப் பிடிலும் அயர்லாந்து மெட்டும்

அயர்லாந்தின் பழைய மெட்டுகளை வாசிக்கும் ஓர் இசைக்குழு இன்று டோக்கியோவில் மேடையேறினாலும் ரொறன்ரோவில் மேடையேறினாலும் அரங்கு நிறைந்துவிடுகிறது. மேடையில் பெரிதாக எதுவும் இராது. ஒரு பிடில், ஒரு மரக்குழல், முழங்கையால் துருத்தியை அழுத்தி இசைக்கும் ஒரு பைக்குழல், தோல் போர்த்த ஒரு கைப்பறை. வாசிக்கப்படும் மெட்டுகளில் பலவற்றை இயற்றியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. "இதை என் தகப்பனாரிடம் கற்றேன், அவர் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் கற்றார்" என்ற அளவில்தான் அறிமுகம் அமையும். அந்த அறிமுகத்துக்கே சபை கைதட்டுகிறது.

இத்தகைய நிகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவு திருகோணமலைக்குப் போய்விடுகிறது. துறைமுக நகரை ஒட்டிய பாலையூற்றிலும் இதேபோலத் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த பிடில் மெட்டுகள் உண்டு. இயற்றியவர் பெயர் அவற்றுக்கும் கிடையாது. தாளமும் ஏறக்குறைய அதுவேதான். ஆனால் உலக அரங்கு ஒருபுறமிருக்க, அடுத்த தெருவில் வாழும் தமிழரிலேயே எத்தனை பேருக்கு அந்த இசையின் பெயர் தெரியும்? ஒரு சிறு தீவின் நாட்டுப்புற மெட்டு உலகத்தின் சொத்தாகிறது. இன்னொரு தீவின் மெட்டு ஊருக்குள்ளேயே ஒடுங்குகிறது. இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

ஒரு கல்யாண வீட்டு இரவு

பாலையூற்று என்ற பெயரிலேயே பாலை மரமும் நீரூற்றும் இருக்கின்றன. லூர்து அன்னையின் திருத்தலம் அங்கே இருப்பதால் கத்தோலிக்கர்களுக்கு அது யாத்திரைத் தலம். திருகோணமலையின் போர்த்துக்கேயப் பறங்கியர் குடும்பங்கள் பல வாழும் இடமும் அதுவே.

1983க்கு முன், நான் சிறுவனாக இருந்த காலத்தில், அப்படியொரு குடும்பத்தின் கல்யாணத்துக்கு வீட்டாரோடு போயிருந்தேன். பந்தலும் விளக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணம் போலவே இருந்தன. பேசியதும் தமிழ்தான். சாப்பாடு முடிந்து கதிரைகளைச் சுவரோரம் தள்ளிய பிறகுதான் வேறோர் உலகம் திறந்தது. முதியவர் ஒருவர் பிடிலை எடுத்தார். இன்னொருவர் கித்தாரைச் சுருதி சேர்த்தார். கைப்பறை ஒன்று தொடங்கியது. ஆணும் பெண்ணும் சோடி சோடியாக எதிரெதிரே நின்று, பாவாடை விளிம்பைப் பிடித்தும் கைகளை உயர்த்தியும் ஆடினார்கள். பாட்டு எந்த மொழி என்று எனக்கு விளங்கவில்லை. கால்களுக்கு மட்டும் விளங்கியது.

ஆட்டத்தின் இடைவேளையில் அந்தப் பிடில்காரரிடம் போய், வாசித்த மெட்டின் பெயரைக் கேட்டேன். "பெயர் என்னத்துக்கு, தம்பி? அப்பா வாசிச்சார், நான் வாசிக்கிறன்" என்றார். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பிறகு எத்தனையோ கலைஞர்களைச் செவ்வி கண்டிருக்கிறேன். மரபு என்ற சொல்லுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை எவரும் எனக்குச் சொன்னதில்லை.

கோட்டையும் குடிமக்களும்

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். 1620களில் திருகோணமலையில் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினர். 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டை எழுந்தது. அவர்களது ஆட்சி கிழக்கில் நீடிக்கவில்லை. 1638இல் மட்டக்களப்பும் 1639இல் திருகோணமலையும் ஒல்லாந்தரிடம் வீழ்ந்தன. 1658இல் யாழ்ப்பாணமும் போனபின் இலங்கையில் போர்த்துக்கேய அரசு முடிவுற்றது.

அரசு போனாலும் மக்கள் போகவில்லை. சிப்பாய்களும் கைவினைஞர்களும், அவர்கள் மணந்த இந்நாட்டுப் பெண்களும், பிள்ளைகளும் இங்கேயே தங்கிவிட்டனர். அவர்களது சந்ததியினரே கிழக்கின் போர்த்துக்கேயப் பறங்கியர். தச்சுவேலை, கொல்லுவேலை, இயந்திரத் திருத்தம், துவக்குத் திருத்தம், தையல் என்று கைத்தொழிலால் பிழைத்தவர்கள். கொழும்பின் ஆங்கிலம் பேசும் ஒல்லாந்தப் பறங்கியர் இவர்களை "மெக்கானிக்" என்று ஏளனமாக அழைத்ததுண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் இச்சமூகத்தைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறது.

கொழும்பில் 1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் அமைந்தது. அது தன் உறுப்பினர்களின் வம்சாவளிகளைத் தேடி அச்சிட்டது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு கொழும்புப் பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். வெள்ளையர் கொள்கை நிலவிய அந்நாட்டுக்குள் நுழைய ஐரோப்பிய வம்சத்தை நிரூபிக்க வேண்டியிருந்த காலம் அது. வம்சாவளி ஏடு வைத்திருந்தவர்களுக்கு அது கைகொடுத்தது. கிழக்கின் தச்சனுக்கும் கொல்லனுக்கும் அப்படி ஏடு எதுவும் இருக்கவில்லை. முன்னோர் விட்டுச்சென்றதாக அவர்கள் கையிலிருந்தவை ஒரு குடும்பப் பெயர், ஒரு மொழி, சில மெட்டுகள்.

இங்கே ஒன்றை மனந்திறந்து சொல்லவேண்டும். கோணேசர் கோயிலை இடித்தவன் வழிவந்தவர்கள் என்ற ஒரு கசப்பு, வெளியில் சொல்லப்படாமலே, நம்மவர் சிலரிடம் இருந்தது. கோயிலை இடிக்கக் கட்டளையிட்டவன் ஒரு தளபதி. பாலையூற்றின் தச்சன் அவனுடைய பிரதிநிதி அல்லன். அந்தத் தச்சனின் பாட்டிமார் இந்த மண்ணின் பெண்கள். நானூறு ஆண்டு நம்மோடு வாழ்ந்து, நம் மொழியைத் தன் வீட்டு மொழியாக்கிக்கொண்டவனை இன்னும் அந்நியனாக எண்ணுவதில் நியாயம் இல்லை.

சொல் அவர்களது, இலக்கணம் நம்முடையது

இச்சமூகத்தின் பழைய மொழி, மொழியியலாளர் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் என்று அழைப்பது. ஒல்லாந்தர் காலத்தில் தீவின் துறைமுகங்களில் எல்லா இனத்தாருக்கும் பொதுமொழியாக இருந்தது அதுவே. ஒல்லாந்த உத்தியோகத்தரின் வீடுகளுக்குள்ளும் அது புகுந்தது. கதிரை, மேசை, சப்பாத்து, பாண், வாங்கு, அலவாங்கு, சாவி, அலமாரி என்று நாம் நாள்தோறும் புழங்கும் சொற்கள் போர்த்துக்கேயர் வழி வந்தவை.

நாம் அவர்களிடமிருந்து சொற்களை வாங்கினோம். அவர்கள் நம்மிடமிருந்து வாங்கியது அதைவிடப் பெரியது. 1970களில் மட்டக்களப்பில் தங்கி இம்மொழியை ஆராய்ந்த இயன் சிமித் என்ற மொழியியலாளர் காட்டிய உண்மை இது: சொற்கள் போர்த்துக்கேயச் சொற்கள்தாம், ஆனால் வாக்கியம் தமிழ் வாக்கியம். லிஸ்பனில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவில் நிற்கும். மட்டக்களப்பில் அது தமிழில் போலக் கடைசியில் வந்து நிற்கும். நாம் "எனக்கு வேண்டும்" என்று நான்காம் வேற்றுமையில் சொல்வதை அவர்களும் அதே அமைப்பில் சொல்கிறார்கள். அயலாரோடு இத்தனை காலம் நெருங்கிப் பழகாமல் ஒரு மொழியின் எலும்புக்கூடு இப்படி மாறாது.

ஆகவே இந்த மொழியில் எழுந்த பாட்டை ஐரோப்பியப் பாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. அது கிழக்கிலங்கையின் பாட்டு.

கபரிஞ்ஞா

பறங்கியரின் ஆடல்பாடலுக்குக் கபரிஞ்ஞா என்று பெயர். ஆபிரிக்கரைக் குறிக்க அக்காலத்தில் வழங்கிய சொல்லோடு போர்த்துக்கேயச் சிறுமை விகுதி சேர்ந்து அமைந்த பெயர் அது. போர்த்துக்கேயரும் பின்வந்தோரும் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் கை இந்த இசையில் இருக்கிறது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. ஐரோப்பாவின் பிடில், ஆபிரிக்காவின் தாள உணர்வு, தமிழர் நடுவே வாழ்ந்த வாழ்க்கை ஆகிய மூன்றும் கலந்த இசை இது. பைலா, சிக்கோத்தி என்று இதற்கு உறவான வகைகளும் உண்டு.

தாளத்தைப் பொறுத்தவரை, சுற்றுக்கு ஆறு எண்ணிக்கை. அது மூன்று மூன்றாகப் பிரியும். கருநாடக இசை அறிந்தோர் திஸ்ர நடை என்று உடனே அடையாளம் காண்பர். அயர்லாந்தின் ஜிக் என்ற நடன மெட்டும் இதே ஆறு எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கால் தானாக ஆடத் தொடங்குவது இரண்டிலும் ஒரே காரணத்தால் என்பதே என் கருத்து.

பாடல்கள் பெரும்பாலும் நான்கடிச் செய்யுள்கள். ஒருவர் ஓர் அடியெடுத்துப் பாட, மற்றவர் எதிர்ப்பாட்டுப் பாடுவார். காதலும் கேலியும் கடற்பயணமும் அவற்றின் பொருள். கிழக்கின் நாட்டார் கவிகளை அறிந்தவர்களுக்கு இந்த மரபு புதிதாகத் தோன்றாது.

புத்தளத்துக்கு அருகே சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சத்தவர் இதன் உடன்பிறப்பான மஞ்சா என்ற இசையைக் காத்து வருகின்றனர். சிரட்டையும் போத்தலும் கரண்டியும்கூட அவர்கள் கையில் வாத்தியமாகின்றன. இளையவர்கள் பேசுவது சிங்களம். பாடுவது பழைய கிரியோல் பாட்டு. சொல்லின் பொருள் மங்கிய பிறகும் மெட்டு மங்காமல் நிற்கிறது. அவர்களது குழு இன்று கொழும்பு மேடைகளிலும் வெளிநாட்டு விருந்தினர் முன்னிலையிலும் பாடிவருகிறது.

அயர்லாந்து நடந்த வழி

அயர்லாந்தின் இசை எப்போதும் செழித்திருந்தது என்று எண்ணுவது தவறு. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். இன்னொரு 10 இலட்சம் பேர் கப்பலேறினர். ஊர்ப் பிடில்காரர்களும் அவர்களோடு போனார்கள். மிஞ்சியிருந்த வீட்டு நடனங்களும் 1935இன் பொது நடன மண்டபச் சட்டத்தால் நொந்துபோயின. அனுமதிப்பத்திரம் இன்றி ஆடுவது குற்றமாயிற்று. பாதிரிமாரும் பொலிசாரும் வீட்டு நடனங்களைக்கூட விட்டுவைக்கவில்லை.

அப்படியிருந்தும் மெட்டு பிழைத்ததற்குக் காரணம், மூன்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததுதான்.

முதலாவது, திரட்டும் வேலை. 1848இல் கோர்க் மாவட்டத்தில் பிறந்து அமெரிக்கா சென்ற பிரான்சிஸ் ஓநீல், சிக்காகோ நகரப் பொலிஸ் தலைமை அதிகாரியானவர். அந்நகரில் குடியேறியிருந்த தன் நாட்டு வாத்தியக்காரர்களைத் தேடித்தேடி மெட்டுகளைக் கேட்டுச் சுரக்குறிப்பில் எழுதுவித்தார். 1903இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 1,850 மெட்டுகள் இருந்தன. தாயகத்தில் மறக்கப்பட்ட மெட்டுகள் புலம்பெயர்ந்தோர் கையிலிருந்து புத்தகமாயின.

இரண்டாவது, தாயகத்துக்குத் திருப்பி அனுப்பும் வேலை. ஸ்லைகோ மாவட்டத்துப் பிடில்காரர் மைக்கல் கோல்மன் 1920களில் நியூயோர்க்கில் வாசித்துப் பதிந்த இசைத்தட்டுகள் அயர்லாந்துக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன. இளைஞர்கள் அத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே விரலைப் பழக்கினர்.

மூன்றாவது, கற்பிக்கும் வேலை. 1951இல் பாரம்பரிய இசைஞரின் சங்கமொன்று நிறுவப்பட்டது. கோல்டஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அச்சங்கம் ஊர்தோறும் கிளை வைத்தது. பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தியது. ஆண்டுதோறும் இசைத் திருவிழா கூட்டியது.

உலக மேடை இவற்றுக்குப் பிறகு வந்தது. 1962இல் பெடி மொலோனி தொடங்கிய சீஃப்டெயின்ஸ் குழு டப்ளினிலிருந்து புறப்பட்டு உலகம் முழுவதும் வாசித்தது. 1979இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் டப்ளினுக்கு வந்தபோது 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் அக்குழு வாசித்தது. 1983இல் சீனப் பெருஞ்சுவரில் நின்றும் வாசித்தது. மொலோனி 2021இல் காலமானார். 2017இல் அந்நாட்டுப் பைக்குழல் இசையையும் 2019இல் யாழிசையையும் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இந்த வரிசையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மேடை மெட்டைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றப்பட்ட மெட்டு மேடைக்குப் போனது.

நம் ஊர் மெட்டு போன வழி

கிழக்கின் பறங்கியர் இசையையும் திரட்டியவர்கள் உண்டு. ஆனால் திரட்டியவர்கள் வெளியார்; திரட்டியவை வெளியே போயின.

1865 முதல் இலங்கையில் அரச சேவை புரிந்த ஹியூ நெவில், தமிழ், சிங்கள ஏடுகளோடு பறங்கியரின் கிரியோல் பாடல்களையும் எழுத்தில் சேகரித்தார். அவர் 1897இல் இறந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதை ஆதாரமாகக் கொண்டும், மட்டக்களப்பில் நேரில் கேட்டுப் பதிந்தும், கென்னத் டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் ஒரு நூல் வெளியிட்டார்.

1998இல் லிஸ்பனில் உலகக் கண்காட்சி நடந்தது. வாஸ்கோ ட காமா இந்தியாவுக்கு வந்த 500ஆவது ஆண்டும் அதுவே. அதையொட்டி, போர்த்துக்கேயர் கால்பட்ட நாடுகளின் இசையைத் தொகுத்து "ஒலிகளின் பயணம்" என்ற பொருள்படும் தலைப்பில் இசைத்தட்டு வரிசையொன்று போர்த்துக்கலில் வெளியாயிற்று. கோவா, மலாக்கா ஆகியவற்றோடு இலங்கைக்கும் அதில் ஒரு தட்டு ஒதுக்கப்பட்டது. பைலாவும் கபரிஞ்ஞாவும் அதன் தலைப்பிலேயே இருந்தன. நம் கிழக்கின் கல்யாண வீட்டு மெட்டு உலகச் சபையின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது அவ்வாறுதான். வாசித்தவர்கள் போகவில்லை, ஒலி போயிற்று.

2010களின் பிற்பகுதியில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஊகோ கார்டோசோ தலைமையிலான குழு கிழக்கிலங்கையில் மொழியையும் பாட்டையும் ஒளிப்பதிவு செய்து மின்னாவணமாக்கியது. அழியும் மொழிகளுக்கான பன்னாட்டுக் காப்பகத்தில் அது இருக்கிறது. இவர்கள் அனைவருக்கும் நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். இவர்கள் இல்லாவிடில் இவ்வளவும் எஞ்சியிராது.

ஆனால் அயர்லாந்து செய்த இரண்டாவது, மூன்றாவது வேலைகள் இங்கே நடைபெறவில்லை. நடைபெற வாய்ப்பும் இருக்கவில்லை. 1983க்குப் பிறகு திருகோணமலையில் ஊரடங்கு வாழ்க்கையின் பகுதியாயிற்று. விடியும்வரை ஆடிய கல்யாண வீடு மாலை ஆறு மணிக்குள் பந்தியை முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டது. அயர்லாந்தில் ஒரு சட்டம் செய்ததை இங்கே துப்பாக்கி செய்தது. இரவு இல்லாமற் போனால் பிடிலுக்கு வேலை இல்லை. பெரியவர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனும் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மட்டக்களப்பின் டச்சுபார் பகுதியை அடித்துச் சென்றது. பறங்கியர் செறிந்து வாழ்ந்த கரை அது. பல குடும்பங்கள் ஒரே காலையில் அழிந்தன. புத்தகத்தில் இல்லாத மெட்டு, ஆளோடு போய்விடும்.

பெயர் மாறிப் புகழ்பெற்ற மெட்டு

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த இசையின் ஒரு கிளை நாடு முழுவதும் செழித்துத் தழைத்தது. பறங்கியர் வம்சத்துப் பொலிஸ் உத்தியோகத்தர் வொலி பஸ்தியன் 1940களில் கபரிஞ்ஞாத் தாளத்துக்குச் சிங்களச் சொல் கட்டிப் பைலாவைப் பொதுச் சொத்தாக்கினார். சிக்காகோவில் ஒரு பொலிஸ்காரர், கொழும்பில் ஒரு பொலிஸ்காரர்! முன்னவர் பழைய மெட்டை அப்படியே எழுதி வைத்தார். பின்னவர் அதற்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டார். இன்று பைலா இல்லாத கல்யாண மண்டபம் தெற்கில் இல்லை.

அந்த அலை தமிழையும் தொட்டது. திருகோணமலையின் பரமேஸ், கோணேஸ் சகோதரர், "சின்ன மாமியே" பாடிய நித்தி கனகரத்தினம், "சுராங்கனி"யால் தமிழகம் முழுவதும் அறியப்பட்டு 2018இல் மறைந்த ஏ. ஈ. மனோகரன் என்று ஈழத்துப் பொப்பிசைக்கு ஒரு பொற்காலம் இருந்தது. மனோகரனின் பைலாத் தாளத்துக்குச் சென்னையும் மலேசியாவும் ஆடின. புலம்பெயர் நாடுகளின் பிறந்தநாள் கொண்டாட்டங்களில் பிள்ளைகள் இன்றும் ஆடுகிறார்கள். அத்தாளத்தின் மூலவீடு கிழக்கில் எங்கோ ஒரு தச்சனின் முற்றத்தில் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நம்மவர் பங்கு

அந்நிய மெட்டு நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்த காலத்தில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழுக்களைக் கேட்டார். அவர்கள் வாசித்த மேனாட்டு மெட்டுகளுக்குச் சங்கதச் சாகித்தியம் அமைத்தார். சுமார் 40 உருப்படிகள் நோட்டு சுவரங்கள் என்ற பெயரில் இன்றும் பாடப்படுகின்றன. அவற்றில் அயர்லாந்து, ஸ்கொத்லாந்து நடன மெட்டுகளும் உண்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். இன்று பிடில் இல்லாத கருநாடகக் கச்சேரி ஏது? அந்நிய மெட்டையும் அந்நிய வாத்தியத்தையும் மூலவர் சந்நிதிவரை கொண்டுபோன மரபு நம்முடையது. அயல்வீட்டுப் பறங்கியின் மெட்டை ஏற்பதற்கு அந்த மரபு தடை சொல்லாது.

இன்னொருவரையும் நினைக்கவேண்டும். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழை ஏடுகளிலிருந்து மீட்டெடுக்க வாழ்வின் நீண்ட காலத்தைச் செலவிட்டு 1947இல் யாழ் நூலைத் தந்தார். பல நூற்றாண்டுக்கு முன் அறுந்துபோன நரம்பைத் தேடிய உழைப்பு அது. பறங்கியரின் பிடிலில் நரம்பு இன்னும் அறுந்துவிடவில்லை. வாசிக்கத் தெரிந்த கைகள் சில இன்னும் இருக்கின்றன. மட்டக்களப்பில் சுவாமிகளின் பெயரைத் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. கூத்துக்கும் பண்ணிசைக்கும் அங்கே இடமிருப்பது போலக் கபரிஞ்ஞாவுக்கும் ஓர் ஆசிரியரும் ஒரு வகுப்பறையும் கிடைக்கக்கூடாதா? சான்றிதழ் இல்லாத முதியவர் ஒருவரை வருகை ஆசிரியராக அமர்த்துவதற்குப் பெருநிதி தேவையில்லை.

புலம்பெயர்ந்த வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். 1970களிலும் 80களிலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கல்யாண வீடுகளில் ஒலிநாடாப் பதிவு செய்யும் வழக்கம் பரவியிருந்தது. மெல்பேணிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உங்கள் வீட்டுப் பெட்டிகளுக்குள் அத்தகைய நாடா ஏதும் கிடக்கலாம். அதில் பின்னணியாக ஒரு பிடில் கேட்கலாம். எறிந்துவிடாதீர்கள். மின்வடிவமாக்கிச் சேமித்து, முதலில் அதை வாசித்தவரின் பிள்ளைகளுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அவர்கள் இசைந்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைப் பொதுவில் வைத்துக் காக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். கோல்மனின் தட்டு நியூயோர்க்கிலிருந்து ஸ்லைகோவுக்குத் திரும்பியது போல, ஒரு நாடா மெல்பேணிலிருந்து பாலையூற்றுக்குத் திரும்பட்டும்.

பாலையூற்றின் இசைக்குழு ஒன்று நாளை டப்ளினில் மேடையேறினால் நான் மகிழ்வேன். ஆனால் அதற்கு முன் நடக்கவேண்டியது ஒன்று உண்டு. அங்கே ஒரு கல்யாண வீட்டில், கதிரைகளைச் சுவரோரம் தள்ளிய பிறகு, பதினைந்து வயதுப் பிள்ளையொன்று பிடிலை எடுக்கவேண்டும். மெட்டின் பெயரை இன்னொரு சிறுவன் போய்க் கேட்கவேண்டும். அந்தப் பிள்ளையும் அதே பதிலைச் சொல்லவேண்டும்: அப்பா வாசிச்சார், நான் வாசிக்கிறன்.